மே 15 அன்று முக்கொம்பில் ஆற்றுத்தரையை அளந்து பாருங்கள்

தமிழ்நாடு நீர்வளத் துறைப் பொறியாளர்களுக்கு,

வணக்கம். மே 15, பிரிட்டிஷ் பாசனப் பொறியாளர் ஜெனரல் சர் ஆர்தர் காட்டனின் பிறந்த நாள். கோதாவரிக் கரையில் அவருக்குச் சிலைகள் உண்டு. ஆந்திராவின் தவளேஸ்வரத்தில் அருங்காட்சியகம் உண்டு. அங்கே 1852-ல் அவர் கட்டி முடித்த அணைக்குப் பின் எழுந்த புதிய அணையும் அவர் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் அணை கட்டும் தொழிலை அவர் படித்த ஆறு நம் காவிரி. அதை நாம் போதிய அளவு சொல்லவில்லை.

1803-ல் பிறந்தவர், 16 வயதில் சென்னைப் படையின் பொறியாளர் பிரிவில் சேர்ந்தார். 1824-ல் தொடங்கிய பர்மா போரில் இருந்தார். திரும்பி வந்தபின் அவர் கைக்கு வந்தது காவிரியின் சிக்கல்.

திருச்சிக்கு அருகே முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம் நேராகப் போகிறது, வாட்டமும் அதிகம். தெற்கே காவிரி வளைந்து மெதுவாகப் போகிறது. வேகம் குறைந்தால் மணல் படியும். படிந்தால் காவிரித் தலைப்பு, அதாவது காவிரிக் கிளை தொடங்கும் இடம், மேடாகும். மேடானால் இன்னும் கூடுதலான தண்ணீர் கொள்ளிடம் பக்கம் சாயும். கொரம்பு (தற்காலிகத் தடுப்பு) போட்டுத் திருப்பினால் அடுத்த வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போய்விடும். தஞ்சை வயல்கள் காய்ந்தது இப்படித்தான்.

காட்டன் கல்லணையை ஆராய்ந்தார். பாறையே எட்டாத மணலில் கல்லையும் களிமண்ணையும் இட்டு, அவை புதைந்து ஒரு நிலையில் நிற்கும்வரை மேலே அடுக்கிய கட்டுமானம் அது. ஆழம் காணாத மணலில் அடித்தளம் போடும் வித்தையை அதைக் கட்டியவர்களிடமிருந்தே கற்றோம் என்று அவர் ஒளிக்காமல் எழுதினார். 1830-ல் கல்லணையில் மணல்போக்கிகள், அதாவது படிந்த மணலை வெளியே தள்ளும் மதகுகள், அமைந்தன. 1836-ல் முக்கொம்பில் மேலணையையும், வீராணத்துக்கு நீர் தரும் கீழணையை அணைக்கரையிலும் கட்டினார்.

மேலணை வேண்டியதைவிட அதிகமாகவே தண்ணீரைக் காவிரிப் பக்கம் திருப்பிவிட்டது. காவிரித் தலைப்பில் தரை அரிக்கத் தொடங்கியது. அதைத் தடுக்க 1845-ல் காவிரியின் குறுக்கே தரைமட்டத்தில் ஒரு சுவர் எழுப்ப வேண்டியதாயிற்று. ஓர் அணை கட்டினால் மேலும் கீழும் ஆறு தன் தரையை மாற்றிக்கொள்ளும். கட்டியபின்னும் அளந்துகொண்டே இருக்கவேண்டும். அவர் வாழ்க்கையில் எங்களுக்கு மிகப் பெரிதாகப் படுவது இந்தத் திருத்தம்தான்.

1860-ல் பணியை விட்டுப் போனபின்னும் அவர் ஓயவில்லை. 1878-ல், 75 வயதில், ரயில் பாதையைவிடப் பாசனமே இந்தியாவுக்கு முதல் தேவை என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுமுன் வாதாடினார். 1899-ல் மறையும்போது வயது 96.

2018 ஆகஸ்ட் 22 இரவு மேலணையின் கொள்ளிடம் பகுதியில் ஒன்பது மதகுகள் இடிந்தன. புதிய கதவணை வந்துவிட்டது. ஆனாலும் அதற்கடியில் இருப்பது அதே மணல்.

ஆகவே எங்கள் கோரிக்கை இது. மேட்டூர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அதற்கு நான்கு வாரம் முன்பு மே 15 வருகிறது, ஆற்றில் நீர் மிகக் குறைந்திருக்கும் காலம். ஆண்டுதோறும் அன்று மேலணை, கல்லணை, கீழணை மூன்றிலும் கீழ்ப்பக்க ஏப்ரன் (அரிப்பைத் தடுக்க அணையை ஒட்டிப் போட்ட தளம்) விளிம்பை ஒட்டி, பத்து மீட்டருக்கு ஓரிடமாகத் தரைமட்டம் எடுங்கள். ஆறு அரித்து நீர் நிற்கும் குழியில் ஆழம் பார்க்க எடை கட்டிய கயிறு போதும். முந்தைய ஆண்டு அளவோடு ஒரே தாளில் வரையுங்கள். குழி அணையை நோக்கி நகர்ந்திருந்தால் வெறும் பெருங்கல்லைக் கொட்டாதீர்கள். கல் இடுக்கு வழியே மணல் வெளியேறிவிடும். கீழே பருமணல், அதன்மேல் ஜல்லி, அதற்குமேல்தான் பெருங்கல். அணைக்கடியில் கசிந்து வரும் ஊற்று நீர் கலங்கி வந்தால் அடியில் மணல் போகிறது என்று பொருள். அங்கே உடனே வேலை தொடங்கவேண்டும்.

அந்த வரைபடத்தை முக்கொம்புப் பூங்காவில், காட்டனின் பெயரும் 1836, 1845 என்ற ஆண்டுகளும் பொறித்த பலகையில், பாசன விவசாயிகள் பார்க்கும்படி ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
காவிரிப் பாசனத்தை அறிந்த சிலர்