மெந்தாவாய்க் காட்டின் மரங்களுக்கு உரிமையாளர் உண்டு: இந்தோனேசிய வனத்துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வனத்துறை அமைச்சர் அவர்களுக்கும் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

மெந்தாவாய்த் தீவுகளில் மரம் வெட்ட இனி ஒரு புது உரிமம்கூடக் கொடுக்காதீர்கள் என்று கேட்டு இந்த மடலை எழுதுகிறேன். எந்த நிலம் எந்தக் குலத்துடையது, எந்த மரம் யார் வைத்தது என்ற கணக்கு அந்த ஊர்களில் பல தலைமுறையாக இருக்கிறது. உங்கள் ஆவணங்களில்தான் அது ஏறவில்லை. ஏறும்வரை எந்த இயந்திரமும் அந்தத் தீவுகளுக்குள் நுழையக் கூடாது.

நான் உங்கள் நாட்டுக் குடிமகன் அல்ல. நாகப்பட்டினத்துக் கடற்கரையில் பிறந்தவன். சுமத்ராவை ஒட்டிக் கடலடி நிலம் புரண்டால் எங்கள் வாசலில் தண்ணீர் ஏறும் என்று 2004 டிசம்பர் 26 எங்களுக்குக் காட்டிவிட்டுப் போனது. அதே கடலின் மறுகரையில் இருப்பவர்கள் யார், எப்படிப் பிழைக்கிறார்கள் என்று தேடிப் படித்தபோதுதான் மெந்தாவாய் எனக்கு அறிமுகமானது. பிறகு சிபேருட் தீவுக்குப் போய்த் தங்கியும் இருக்கிறேன். இந்த மடலின் இந்தோனேசிய மொழிப் பிரதி உங்களுக்குத் தனியே வரும். தமிழில் வெளியிடுவது, எங்கள் மக்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக.

அவர்களுக்காக ஊரைப் பற்றி இரண்டு வரி. சுமத்ராவின் மேற்குக் கரையில் உள்ள பாடாங் துறைமுகத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், இந்தியப் பெருங்கடலில் சிபேருட், சிப்போரா, வட பகாய், தென் பகாய் என்று நான்கு பெரிய தீவுகள். கடல் பொங்கினால் படகு புறப்படாது. சிபேருட்டின் உள்ளூர்களுக்கு ஆற்றுவழியே, குறுகலான மரத்தோணியில் மோட்டார் மாட்டிப் போக வேண்டும். அரிசி, பெட்ரோல், மருந்து எல்லாம் அதே வழியில் வருவதால் ஒவ்வொன்றும் கரையைவிட விலை கூடுதல். ஆனால் அந்த மக்களின் சொத்து கடையில் வாங்கியதில் இல்லை. அது காட்டுக்குள் நிற்கிறது. உங்கள் துறையோ அந்த மாவட்டத்தில் ஐந்தில் நான்கு பங்கு நிலத்தை அரசின் வனப்பகுதி என்று வரைபடத்தில் வண்ணம் தீட்டி வைத்திருக்கிறது. எங்கள் வருவாய்த்துறை மொழியில் சொன்னால், ஊரையே புறம்போக்காக்கி வைத்திருக்கிறீர்கள்.

அமைச்சர் அவர்களே, செயற்கைக்கோள் படத்தில் அடர்காடாகத் தெரிகிற இடத்தில் ஒரு பகுதி, தோட்டம். மெந்தாவாய்க்காரர்கள் நிலத்தைத் திருத்தும்போது தீ வைப்பதில்லை. மரத்தை வெட்டிச் சாய்த்து அப்படியே மட்கவிடுவார்கள். அதன் நடுவே வாழையும் கிழங்கும் நடுவார்கள். கூடவே டுரியான் கொட்டையும் மற்றப் பழக்கன்றுகளும் போடுவார்கள். சில வருடங்களில் வாழை ஓய்ந்துவிடும், பழமரம் தலைதூக்கும். பேரன் காலத்தில் அது வானம் மறைத்த காடு. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் புமோனெயான். மேலே டுரியான், அதன் கீழே லாங்சாட் என்ற பழமரம், அதற்கும் கீழே பிரம்பும் மருந்துச் செடியும். வெளியாள் பார்த்தால் தானாக வளர்ந்த காடு என்றுதான் நினைப்பான். ஊர்க்காரரோடு நடந்தால் தெரியும்: இது இன்னாருடைய பாட்டன் வைத்தது, அது பெண் கொடுத்த வீட்டுக்குப் போனது, அந்த இரண்டும் ஒரு சண்டையில் அபராதமாக வந்தவை என்று மரத்துக்கு மரம் நின்று சொல்லிக்கொண்டே வருவார்கள்.

நிலம் உமாவுக்குச் சொந்தம். உமா என்றால் தந்தைவழிக் குலம். அந்தக் குலம் கூடுகிற நீண்ட மரவீட்டுக்கும் அதே பெயர்தான். நிலத்தை ஒருவர் தனியாக விற்க முடியாது. ஆனால் அதன்மேல் நிற்கிற மரம் வைத்தவருக்கும் அவருடைய பிள்ளைகளுக்கும் உரியது. பிறர் நிலத்தில் அனுமதி பெற்று வைத்த மரமும் வைத்தவருடையதே. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாருக்குக் கொடுக்கும் அலகெட் என்ற சீரில் பன்றியும் சமையல் கொப்பரையும் கொசுவலையும் இருக்கும். அவற்றோடு டுரியான் மரங்களும் சாகோப்பனைத் தோப்பும் இருக்கும். வாய்த்தகராறு, திருட்டு, பெண்ணிடம் முறைகேடு என எதுவானாலும் பெரியவர்கள் கூடி துலோவ் என்ற அபராதம் விதிப்பார்கள். அதையும் பெரும்பாலும் மரமாகவோ பன்றியாகவோ கட்டுவார்கள். ஆகவே ஒரு டுரியான் மரம் வெட்டுப்பட்டால் அங்கே போவது சில கன மீட்டர் தடி மட்டுமல்ல. ஒரு குடும்பத்தின் சேமிப்பும், ஒரு சம்பந்தத்தின் சாட்சியும், எப்போதோ தீர்ந்த ஒரு வழக்கின் தீர்ப்பும் அதோடு போகின்றன.

கிரெகாட் என்று ஒன்று உண்டு. குடும்பத்தில் ஒருவர் இறந்தால், அவருடைய கை அளவையும் கால் அளவையும் எடுத்து ஒரு டுரியான் மரத்தின் அடிமரத்தில் செதுக்கி வைப்பார்கள். நான் பார்த்த மரத்தில் செதுக்கிய தடம் பட்டையோடு சேர்ந்து விரிந்துபோயிருந்தது. விரல்கள் மட்டும் தனித்தனியாகத் தெரிந்தன. என்னைக் கூட்டிப்போனவர் அதன்மேல் தன் உள்ளங்கையை வைத்துக் காட்டினார். அவர் கையைவிட அது சற்றுச் சிறியது. அவருடைய தகப்பனாரின் தாயார் கை என்றார். அப்படிப்பட்ட மரத்தை யாராவது வெட்டினால் துலோவ் மிகக் கடுமையாக இருக்கும். நிலத்தின் எல்லையில் நிற்கும்போது அதுவே எல்லைக்கல்லும் ஆகிவிடுகிறது. உங்கள் துறையின் மர மதிப்பீட்டுப் படிவத்தில் இதற்கு எந்தக் கட்டம் இருக்கிறது? சுற்றளவு, உயரம், இனம், இவ்வளவுதானே?

சாகோவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சோறு அதுதான். ஈரச் சேற்றில் வளரும் பனை வகை அது. முற்றப் பத்து, பதினைந்து வருடம் பிடிக்கும். பூக்கும் முன் சாய்த்து, தண்டைப் பிளந்து, உள்சோற்றைச் சீவி எடுக்கிறார்கள். நீர்நிலைக்கு மேலே கட்டிய பரணில் அதைக் கொட்டித் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் காலால் மிதிக்கிறார்கள். பால்போல் வடிகிற மாவு கீழே வைத்த பழைய தோணியில் படிகிறது. அதை அள்ளிச் சாகோ ஓலையில் முடைந்த தாப்ரிக் கூடையில் அடைத்துத் தண்ணீரில் போட்டுவிட்டால் மாதக்கணக்கில் கெடாது. தண்டின் மிச்சம் பன்றிக்கு. ஒரு பனை ஒரு குடும்பத்துக்குப் பல மாதச் சாப்பாடு. புயல் வந்தாலும் படகு வராவிட்டாலும் அடுப்பு எரியும். மேட்டில் மரத்தை அழித்தால் மண் கரைந்து இந்தச் சேற்று நிலத்தில்தான் வந்து இறங்கும். கீழேயிருக்கும் சேப்பங்கிழங்கு வயல்களும் மூழ்கும். அவை பெண்களின் பொறுப்பில் இருப்பவை. வெட்டுகிற இடத்தை மட்டும் அளந்து சேதம் கணக்கிடுகிற முறையில் இவை எதுவும் வராது.

அரசு அவர்களிடம் நடந்துகொண்ட விதம் பழைய கதைதான், ஆனாலும் விட்டுவிட முடியாது. 1954இல் அவர்களுடைய ஆராட் சபுலுங்கான் வழிபாட்டைத் தடை செய்து, அங்கீகரித்த மதங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். 1970களில் தொடங்கிச் சிதறி வாழ்ந்த உமாக்களை ஆற்றோரத்தில் வரிசை வீடுகளுக்கு இறக்கினார்கள். அந்த அரசு ஊர்களை மக்கள் பாராசி என்கிறார்கள். ஊருக்குள் பன்றி கூடாது என்றதும் பன்றிகளுக்காகவே தூரத்தில் குடிசை போட்டு, ஒரு காலை இங்கும் ஒரு காலை அங்கும் வைத்து வாழ்ந்தார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் நிலம். பாராசி அமைந்த இடம் எப்போதும் ஏதோ ஒரு உமாவின் பூர்வீக நிலம். கொண்டுவந்து இறக்கப்பட்ட மற்ற உமாக்கள் அங்கே வந்தேறிகள். வீட்டை அரசு கொடுத்தது, மனை யாருடையது என்று யாரும் தீர்க்கவில்லை. இன்றுவரை அந்த வழக்கு பிள்ளைகள் தலையில் கிடக்கிறது.

அதே காலத்தில் சிபேருட்டின் காடு பல நிறுவனங்களுக்குப் பங்கு போடப்பட்டது. 1981இல் யுனெஸ்கோ அத்தீவை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. 1993இல் தேசியப் பூங்கா வந்தது, 1,90,500 ஹெக்டேர். பூங்கா கொஞ்சம் காப்பாற்றியது உண்மை. கருப்புக் கிப்பன் குரங்கான பிலோவ் இன்றும் விடியற்காலையில் கூவுவதற்கு அது ஒரு காரணம். இந்தத் தீவுகளைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை. ஆனால் பூங்கா போட்டவர்களும் உரிமையாளரைக் கேட்டுவிட்டுப் போடவில்லை.

பிறகு 2010 அக்டோபர் 25. தென் பகாய்க் கடலடியில் நிலநடுக்கம். ஆட்டம் மெதுவாக இருந்ததால் இரவில் பலர் வீட்டைவிட்டு ஓடவில்லை. அலை வந்து 400க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. பிழைத்தவர்களை மேட்டுக்கு, மரக் கம்பெனிகள் போட்ட சாலையோரத்துக்குக் கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள். உயிருக்குப் பாதுகாப்பு, சரி. தென்னந்தோப்போ கரையில். மேட்டில் இருந்த இடமோ வனப்பகுதி. அதனால் நிரந்தர வீடு கட்டுவதே இழுபட்டது. கட்டியபின்பும் தோப்பைப் பார்க்கக் கரைக்குத்தான் நடக்க வேண்டியிருந்தது. எங்களுக்கு இந்த வலி தெரியும். 2005இல் தமிழ்நாட்டு அரசு, கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் புது வீடு வேண்டுமென்றால் பழைய மனையை அரசுக்கு எழுதித் தர வேண்டும் என்று ஆணை போட்டது. வீடு கிடைத்ததற்கு மகிழ்வதா, வலை காயவைத்த இடம் போனதற்கு அழுவதா என்று எங்கள் தெருவில் பேசிக்கொண்டதை நான் கேட்டிருக்கிறேன்.

உங்கள் நாட்டுச் சட்டமே இந்த மக்களின் பக்கம் நிற்கிறது. 2013 மே மாதம் உங்கள் அரசியலமைப்பு நீதிமன்றம், மரபு வழக்கப்படி வாழும் வழக்காற்றுச் சமூகங்களின் காடு அரசுக் காடு அல்ல என்று தீர்ப்பளித்தது. 2007ஆம் ஆண்டின் 27ஆம் எண் சட்டம் 2,000 சதுர கிலோமீட்டருக்கு மேற்படாதவற்றைச் சிறு தீவுகள் என்று வரையறுத்து, அங்கே எந்தப் பயன்பாட்டுக்கு முன்னுரிமை என்றும் சொல்கிறது: இயற்கைப் பாதுகாப்பு, கல்வி, ஆய்வு, மீன்வளம், சுற்றுலா, இயற்கை வேளாண்மை போன்றவை. மரம் வெட்டுவது அந்த வரிசையில் இல்லை. சிப்போராவும் இரண்டு பகாய்களும் அந்த வரையறைக்குள் வருபவை. 2017இல் மெந்தாவாய் மாவட்டமே உமாக்களை வழக்காற்றுச் சமூகமாக ஏற்று ஒழுங்குமுறை இயற்றியது. உங்கள் அமைச்சகமும் சில உமாக்களின் காட்டை வழக்காற்றுக் காடாக அறிவித்திருக்கிறது. ஆக, வழி இருக்கிறது. நீங்களே நடந்தும் பார்த்த வழி.

இத்தனைக்கும் நடுவில்தான் சிப்போராவில் ஏறத்தாழ 20,000 ஹெக்டேரில் மரம் வெட்ட ஒரு நிறுவனம் அனுமதி கேட்ட செய்தி 2025இல் வந்தது. அந்தத் தீவின் மொத்தப் பரப்பில் அது மூன்றில் ஒரு பங்கு.

‘உரிமையாளர்களே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்கள், நாங்கள் என்ன செய்வது’ என்று நீங்கள் கேட்கலாம். போடுகிறார்கள், மறுக்கவில்லை. பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு, பாடாங்கில் படிக்கும் பிள்ளைக்கு வாடகை எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். கம்பெனிக்காரர் காசோடு வருகிறார். ஆனால் குல நிலத்துக்கு ஒருவர் கையெழுத்துப் போதாது என்பது அந்தக் குலத்தின் சட்டம். வேறு ஆற்றுப்பகுதியில், வேறு தீவில் வாழும் பங்காளிகளுக்கும் அதில் பங்குண்டு. ஒரு மாமரத்தை வைத்து அண்ணன் தம்பிகள் பிரிந்த கதையிலிருந்து தொடங்கி, சிபேருட்டின் மேற்கிலுள்ள சிமாதாலுவிலிருந்து எந்த வழியாக வந்து எந்த ஆற்றங்கரையில் முதல் மரத்தை வெட்டினார்கள் என்று ஒவ்வொரு உமாவும் வழிநடைக் கதை சொல்லும். அந்தக் கதைதான் அவர்களுடைய மூலப்பத்திரம். அதைக் கேட்டு, பக்கத்து உமாவின் கதையோடு ஒப்பிட்டு, முரண்படும் இடத்தில் பெரியவர்களைக் கூட்டி வைத்துத் தீர்த்த பிறகுதான் ஒரு கையெழுத்துக்கு மதிப்பு. அவசரமாக வாங்கிய கையெழுத்து பங்காளிகளுக்குள் பகையை விதைக்கிறது. கம்பெனி மரத்தோடு போய்விடும். பகை ஊரில் இருந்துவிடும்.

மரத்தையும் நிலத்தையும் தனித்தனியே பதிவு செய்வது நடக்காத காரியம் என்று உங்கள் அதிகாரிகள் சொன்னால் நம்பாதீர்கள். எங்கள் தமிழ்நாட்டு வருவாய்த்துறையில் 2சி பட்டா என்று ஒன்று இருக்கிறது. நிலம் அரசுப் புறம்போக்கு. அதில் நிற்கும் புளியமரத்தின் பலன் பட்டா பெற்ற குடியானவருக்கு. கிராம நிர்வாக அலுவலரின் சாதாரணப் பதிவேட்டிலேயே அதற்கு இடம் உண்டு. உங்களிடம் செயற்கைக்கோள் இருக்கிறது, ஜி.பி.எஸ். நிலைகாட்டிக் கருவி இருக்கிறது, காட்டை மரம் மரமாக அறிந்த ஆட்களும் அந்த ஊர்களிலேயே இருக்கிறார்கள்.

அதனால் கேட்கிறேன். உமாக்களின் எல்லைகளை அவர்களையே கூட்டிவைத்து அளந்து அமைச்சகத்தின் வரைபடத்தில் ஏற்றுங்கள். வைத்த மரங்களை வைத்தவர் பெயரில் எழுதுங்கள். கிரெகாட் மரங்களைத் தனியாகக் குறியுங்கள். பாராசியில் வாழ்பவர்களுக்கும் பகாயின் மேட்டில் குடியமர்த்தப்பட்டவர்களுக்கும் மனை யாருடையது என்பதை நில உரிமை உமாவோடு பேசித் தீர்த்து, கரையிலுள்ள தோப்பின் உரிமையையும் கைவிடாமல் எழுதிக் கொடுங்கள். சம்மதம் கேட்கும் கூட்டத்தில் பெண்களும் வெளியூர்ப் பங்காளிகளும் இருக்க வேண்டும். இவை முடியும்வரை சிப்போரா விண்ணப்பம் உட்பட எந்தப் புது உரிமத்தையும் நிறுத்தி வையுங்கள். அந்த முடிவை ஜகார்த்தாவில் அறிக்கையாக வெளியிடுவதோடு விட்டுவிடாமல், மாவட்டத் தலைநகரான தூவாபெஜாட்டுக்கு அதிகாரிகளை அனுப்பி, உமாக்களின் பெரியவர்கள் முன்னால் மெந்தாவாய் மொழியில் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நாகப்பட்டினத்துக் கடற்கரைவாசி ஒருவன்