கரிநெருப்பும் நூற்றைம்பத்து மூன்று மீனும்

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கண்ணில் புரை எடுத்திருப்பதால் ஒரு வாரம் எழுத்துப் பக்கமே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்காரிதான் வாசித்துக் காட்டினாள். உன் பேத்தி சுவரைப் பிடித்து நடக்கிறாள் என்ற இடத்தை இரண்டு தடவை வாசித்தாள். அப்புறம் உன் கோபம் வரும் இடத்தை மூன்று தடவை. சிரித்துச் சிரித்து எனக்குக் கண் வலித்ததுதான் மிச்சம்.

யோவான் சுவிசேஷத்தின் 21-ஆம் அதிகாரத்தில், உயிர்த்தெழுந்த இயேசு ஏரிக்கரையில் நின்று சொன்னபடி சீஷர்கள் வலை போட, 153 மீன் சிக்குகிறதே, அந்த எண்ணுக்குப் பிரசங்கத்தில் யாரோ விளக்கம் சொல்ல, நீ எழுதியிருக்கிறாய்: "எங்கப்பன் நாற்பது வருஷம் மீன் எண்ணினான். பங்கு போடத்தான் எண்ணினான். அதில் ஒரு ரகசியமும் இல்லை."

சரி, உன் அப்பாவின் பக்கம்தான் நானும். ஆனாலும் அந்த எண்ணுக்குப் பின்னால் ஆட்கள் ஓடியிருக்கிற ஓட்டத்தைக் கேள். பழங்காலத் திருச்சபை அறிஞர் எரோணிமுஸ், கடலில் 153 வகை மீன் உண்டு என்று அறிஞர்கள் சொல்வதாக எழுதினார். அதனால் எல்லா வகை மனிதரும் வலைக்குள் வருவார்கள் என்று அர்த்தம். ஆதாரமாக அவர் காட்டியது மீன்களைப் பற்றி ஒப்பியன் என்ற கிரேக்கக் கவிஞர் பாடிய நூலை. அந்த நூலிலோ இந்தக் கணக்கு இல்லை! அதே காலத்து ஆயர் அகுஸ்தீன் வேறு வழியில் போனார். ஒன்று முதல் பதினேழு வரை கூட்டிப் பார், 153 வரும். பதினேழு எப்படி? பத்துக் கட்டளை, ஆவியின் ஏழு கொடை. கணக்கு வாத்தியாராக இருந்த எனக்கு இது பிடிக்கத்தான் செய்கிறது. ஆனால் கூட்டினால் ஏதாவது வராத எண் எது?

இந்த விளக்கங்களில் எனக்குக் கொஞ்சம் மரியாதை இருப்பது ஒன்றின்மேல்தான். பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசி எசேக்கியேல் கண்ட தரிசனம், 47-ஆம் அதிகாரம், நினைவிருக்கிறதா? ஆலயத்தின் வாசற்படிக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிகிறது. கணுக்கால், முழங்கால், இடுப்பு, பிறகு நீந்த வேண்டிய ஆழம். அது ஓடிப்போய்ச் சவக்கடலில் விழ, அந்த உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீராகிறது. என்கேதியிலிருந்து எனெக்லாயிம் வரைக்கும் மீனவர்கள் கரையில் நின்று வலை விரிக்கிறார்கள். சாதாரணக் கடலைப்போல் பத்து மடங்கு உப்புள்ள ஏரி அது. மீன் ஒன்றும் பிழைக்காது. அங்கே வலை காயப்போடுவது என்றால் எப்பேர்ப்பட்ட கனவு, நீயே சொல். எபிரேயத்தில் எழுத்துகளே எண்களும். அந்த இரண்டு ஊர்ப் பெயரிலும் முன்னால் வரும் 'ஊற்று' என்ற சொல்லை விட்டுவிட்டு, கேதி என்ற பெயரைக் கூட்டினால் 17. எக்லாயிம் என்பதைக் கூட்டினால் 153. எமர்ட்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் 1958-ல் இதை எடுத்துச் சொன்னார்.

அந்தக் காலத்து ஆட்களுக்கு இது விசித்திரமில்லை. இத்தாலியின் பழைய நகரமான பொம்பேயில் ஒரு சுவரில், '545 என்ற எண்ணுக்குரியவளை நேசிக்கிறேன்' என்று எவனோ கிரேக்கத்தில் கிறுக்கி வைத்திருக்கிறான். கி.பி. 79-ல் எரிமலைச் சாம்பல் மூடுவதற்கு முன்னால் எழுதியது. நம் பள்ளிக்கூடச் சுவரில் நீ எழுதிய இரண்டு எழுத்துகளை நினைத்துக்கொண்டேன், கோபித்துக்கொள்ளாதே.

ஆனால் ஒன்று இடிக்கிறது. 'ரபீ' என்றால் போதகர், 'மேசியா' என்றால் கிறிஸ்து என்று வாசகருக்கு அர்த்தம் சொல்லிக்கொண்டே போகிறவர் யோவான். அப்படிப்பட்டவர் எபிரேயக் கூட்டல் கணக்கை ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டுவிட்டா போவார்? அதனால் எண்ணை விட்டுவிட்டு எசேக்கியேலின் தண்ணீரை மட்டும் பிடித்துக்கொள்கிறேன். அது யோவான் முழுக்க ஓடுகிறது. ஆலயம் என்று இயேசு சொன்னது தம் உடலைத்தான் என்கிறது இரண்டாம் அதிகாரம். சிலுவையில் அந்த விலாவைக் குத்தியதும் இரத்தமும் தண்ணீரும் வெளிவருகின்றன. அதற்கு இரண்டு அதிகாரம் தள்ளி, ஏரிக்கரையில் மீனவர்கள் வலையை இழுக்கிறார்கள். ஆலயம், தண்ணீர், மீன். எண்ணே இல்லாமல் வரிசை சரியாக வருகிறது.

வலை கிழியாத விஷயம் இன்னொன்று. லூக்கா சொல்லும் மீன்பாட்டில் வலை கிழிகிறது. யோவானில் இத்தனை மீன் இருந்தும் கிழியவில்லை. அதே வினைச்சொல்தான் இயேசுவின் தையலில்லாத அங்கியைக் கிழிக்க வேண்டாம் என்று சேவகர் பேசும் இடத்திலும் வருகிறது. பிரிவினை என்பதற்கு அவர் போடும் சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததுதான். ஆகவே கிழியாத வலை என்றால் பிரியாத சபை என்கிறார்கள். நம் ஊரில் ஒரே தெருவில் மூன்று சபைக்கு மூன்று கோயிலும் மூன்று மணியும் இருப்பதைப் பார்த்தவன் இதற்கு மேல் என்ன சொல்ல?

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். எண்ணைத் துரத்துகிறவர்கள் கண்ணில் ஏனோ அடுப்பு படுவதில்லை. கரையில் இறங்கியதும் அவர்கள் முதலில் பார்ப்பது கரிநெருப்பு. அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம். கிரேக்கத்தில் 'அந்த்ரகியா'. புதிய ஏற்பாடு முழுவதிலும் அந்தச் சொல் இரண்டே இடத்தில்தான் இருக்கிறது. இன்னொன்று 18-ஆம் அதிகாரம், பிரதான ஆசாரியன் வீட்டு முற்றம். இயேசுவைப் பிடித்துக்கொண்டுபோன இரவில், நீயும் அவருடைய சீஷன்தானே என்று கேட்டபோது, குளிர்காய்ந்துகொண்டு நின்ற பேதுரு, "நான் அல்ல" என்று மறுதலித்த இடம். மாற்கிலும் லூக்காவிலும் அங்கே வெறும் நெருப்புதான். கரி என்று சொல்பவர் யோவான் ஒருவரே. நம் பழைய தமிழ் வேதாகமத்தை எடுத்துப் பார், இரண்டு இடத்திலும் 'கரிநெருப்பு' என்றே வைத்திருக்கிறார்கள். அந்த ஒரு சொல்லுக்காகவே மொழிபெயர்த்தவர்களைக் கும்பிடலாம்.

யோவான் அங்கே ஒன்றையும் விளக்கவில்லை. 'முன்பு மறுதலித்த அந்த நெருப்பைப்போல' என்று ஒரு வரி சேர்த்திருந்தால் கெட்டுப்போயிருக்கும். பேதுரு நனைந்த உடையோடு கரையேறி நிற்கிறான். கரிப்புகை மூக்கில் ஏறுகிறது. இயேசு முதலில் சாப்பிடச் சொல்கிறார். வயிறு நிறைந்த பிறகுதான், என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா என்று அந்த மூன்று கேள்வி. மூன்றாவதில் அவன் துக்கப்படுகிறான். 'அன்பாயிருக்கிறாயா' என்பதற்கும் 'நேசிக்கிறாயா' என்பதற்கும் கிரேக்கத்தில் வேறு வேறு சொல் என்று அங்கே பெரிய கட்டடமே எழுப்புவார்கள். எனக்கு அது ஒப்பவில்லை; பிதா குமாரனை நேசிக்கிறார் என்பதற்கு இதே யோவான் இரண்டு சொல்லையும் மாற்றி மாற்றிப் போடுகிறார். மூன்று தடவை கேட்டார், அவ்வளவுதான். அவனும் அன்றைக்கு மூன்று தடவைதானே மறுதலித்தான்.

நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. பத்தாம் வகுப்பில் ஓடைப் பக்கம் முந்திரிக்கொட்டை சுட்டோமே. தோட்டக்காரர் வந்து "நீயும் இவன்கூட இருந்தியா?" என்று கேட்டபோது, நான் இல்லை என்றேன். அடி உனக்கு மட்டும் விழுந்தது. மறுநாள் உன் வீட்டில் எனக்கும் சேர்த்துச் சாளைமீன் வைத்தார்கள், நீ ஒன்றும் கேட்கவில்லை. இன்றைக்கும் எங்கள் தெருவில் துணி தேய்க்கிறவர் கரிப்பெட்டியை ஊதும்போது அந்த ஓடைதான் ஞாபகம் வருகிறது.

உன் அப்பா விஷயத்துக்கு வருகிறேன். ரகசியம் இல்லை என்று நீ சொன்னது சரி, ஆனால் அதற்காக அந்த எண்ணிக்கை வெறும் எண்ணிக்கை ஆகிவிடாது. 1986-ல் வறட்சியில் கலிலேயா ஏரி உள்வாங்கியபோது சேற்றிலிருந்து பழைய படகு ஒன்றைக் கண்டெடுத்தவர்கள் இரண்டு மீனவச் சகோதரர்கள். எட்டு மீட்டரைக் கொஞ்சம் தாண்டும் நீளம். இயேசு காலத்தை ஒட்டியது. பல மரத் துண்டுகளை ஒட்டுப்போட்டு, உடைந்த இடத்தை மறுபடி மறுபடி செப்பனிட்டு ஓட்டியிருக்கிறார்கள். வசதியில்லாத ஆட்கள். இரவெல்லாம் ஒன்றும் கிடைக்காமல் விடியும்போது வலை நிறைந்தால், அப்படிப்பட்டவன் எண்ணாமல் இருப்பானா? எண்ணும்போது அவன் கை நடுங்கியிருக்காதா? அந்த நடுக்கத்தைத்தான் யோவான் 153 என்று எழுதி வைத்தார் என்று நான் நினைக்கிறேன். ரோமில் கலிஸ்து நிலத்தடிக் கல்லறையில், மூன்றாம் நூற்றாண்டு ஓவியம் ஒன்றில், ஏழு பேர் அப்பமும் மீனுமாகப் பந்தியில் இருக்கிறார்கள். யோவான் 21-லும் படகில் போனவர்கள் ஏழு பேர். வரைந்தவனுக்குப் பிடித்தது மீனின் எண்ணிக்கை அல்ல, சாப்பாடு.

கண் சரியானதும் அங்கே வருவதாக இருக்கிறேன். நாகர்கோவிலில் இறங்கினால் நீ வண்டியோடு வந்துவிடு.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. 153-ஐ ஏழு பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு 21, மிச்சம் ஆறு மீன். உன் அப்பா கணக்கில் அந்த ஆறும் படகுக்கா, வலைக்கா? பதில் எழுது.

உன் பழைய கூட்டாளி