கோயில் எண்ணெயும் தாத்தாவின் ஆப்பிளும்

கோல்டன், பிரிட்டிஷ் கொலம்பியா
14 அக்டோபர் 2024

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நீங்கள் ஆவணியில் போட்ட கடிதம் புரட்டாசி முதல் வாரமே கைக்கு வந்துவிட்டது. பதில் எழுத நான்தான் ஒரு மாதம் ஆக்கிவிட்டேன். மன்னியுங்கள். செல்விக்கு அவ்வப்போது வாட்ஸ்அப்பில் "நல்லா இருக்கேன்" என்று போடுகிறேன், ஆனால் அது கடிதம் ஆகாது என்று எனக்கே தெரியும். அப்பா போனில் "ம், சரி" என்பதோடு நிறுத்திக்கொள்வார். கடிதத்தில்தான் மனம் விட்டுப் பேசுவார். அதனால் உங்கள் கடிதத்தை மூன்று நான்கு தடவை படித்தேன்.

இங்கே நான் சுகம். ஓட்டலில் இப்போது கூட்டம் இல்லை. கோடைக்கு வந்தவர்கள் போய்விட்டார்கள், பனிச்சறுக்குக்கு வருகிறவர்கள் டிசம்பரில்தான் வருவார்கள். அதனால் வாரத்தில் மூன்று நாள் வேலை, மற்ற நாளெல்லாம் ஓய்வு. காரைக் கொடுத்துவிட்டேன். சின்ன ஊர்தானே, நடந்தே எல்லா இடத்துக்கும் போய்விடலாம், உடம்புக்கும் நல்லது. என்னோடு இருந்த பஞ்சாபிப் பையன் கால்கரிக்குப் போய்விட்டான். அறை தாராளமாக இருக்கிறது. மலை உச்சியில் பனி விழுந்துவிட்டது, ஊருக்குள் இன்னும் இறங்கவில்லை. அம்மா பின்னிக் கொடுத்த கம்பளித் தொப்பியைத்தான் போடுகிறேன்.

சரி, கரடி விஷயத்துக்கு வருகிறேன். கோயில் கதவை உடைத்து விளக்கு எண்ணெயைக் குடித்துவிட்டுப் போனது இந்த வருடத்தில் நாலாவது தடவை என்று எழுதியிருந்தீர்கள். வனத்துறை கூண்டு வைக்காவிட்டால் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டுப் பையன்கள் கிளம்பியிருப்பதாகவும், அதில் தம்பியும் ஒருவன் என்றும் எழுதியிருந்தீர்கள். "உங்கள் ஊரில் கரடியைச் சுடுவார்களாமே, அங்கே என்ன வழக்கம்?" என்று கேட்டீர்கள். ஒரு வரியில் சொல்கிற விஷயம் இல்லை இது. நேரம் இருக்கிறது, விளக்கமாகவே எழுதுகிறேன்.

இங்கே கருங்கரடியும் உண்டு, கிரிஸ்லியும் உண்டு. பேச்செல்லாம் கிரிஸ்லியைப் பற்றித்தான். தோளுக்கு மேலே திமில் போல ஒரு மேடு, பழுப்பு முடி, மண்ணைத் தோண்டுகிற நீள நகம். அந்த நகத்தை நான் தொட்டே பார்த்திருக்கிறேன், பக்கத்து வீட்டுத் தாத்தா வீட்டில். போன கடிதத்தில் எழுதினேனே, பனி கொட்டும்போதும் அரைக்கைச் சட்டையோடு விறகு பிளப்பாரே, அவர்தான். இளவயதில் வேட்டைக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு வழிகாட்டியாக இருந்தவர். ஒரு கிரிஸ்லியைச் சுட்டுத் தலையையும் தோலையும் கொண்டுபோய் வீட்டில் மாட்டுவதற்காக ஆளுக்குப் பல ஆயிரம் டாலர் கொடுத்து வருவார்களாம். தாத்தாவின் முன்னறைச் சுவரிலும் ஒரு முழுத் தோல் தொங்குகிறது. நகம் ஒவ்வொன்றும் என் விரல் நீளம். அதைத் தொட்டபோது எனக்கு முனியாண்டி மாமாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது. கொழுந்து எடுக்கப் போன காலை நேரத்தில் நம் ஊர்ச் சின்னக் கரடியே மாமாவை அப்படிச் செய்தது. ஆகவே லைன் ஆட்களின் பயத்தை நான் லேசாக நினைக்கவில்லை, அப்பா.

இந்த மாகாணத்தில் கிரிஸ்லி வேட்டையை 2017-இல் நிறுத்திவிட்டார்கள். முதலில் ஆகஸ்டில் சொன்னது வேறு. சுவரில் மாட்டுவதற்காகச் சுடக் கூடாது, கறிக்காகச் சுடலாம், ஆனால் தலை, தோல், பாதம் எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்றார்கள். கறிக்காக யார் கிரிஸ்லியைத் தேடிப் போகிறார்கள் என்று ஜனங்கள் கேட்டார்கள். டிசம்பரில் முழுத் தடையே வந்துவிட்டது. பூர்வகுடி மக்கள் மட்டும் தங்கள் உணவுக்கும் சடங்குக்கும் வேட்டையாடலாம்.

ஏழு வருடம் ஆகியும் தாத்தாவுக்கு அது ஆறவில்லை. மாகாணத்தில் 15,000 கிரிஸ்லி இருக்கிறது என்று கணக்கு, வருடத்துக்கு 250 போல்தான் சுட்டோம், அதனால் இனம் அழிந்துவிடுமா என்று கேட்கிறார். நகரத்தில் உட்கார்ந்து கரடியைப் படத்தில் பார்க்கிறவர்களின் ஓட்டுக்காகச் செய்தது என்கிறார். துப்பாக்கிப் பயம் போனால் கரடி ஊருக்குள் வரும் என்கிறார். மலைக்கு அந்தப் பக்கம் ஆல்பர்ட்டாவில் 2006-இலேயே வேட்டையை நிறுத்தியிருந்தார்கள். ஆளையோ மாட்டையோ தாக்குகிற கரடிக்கு, அரசு தேர்ந்தெடுத்த வேட்டைக்காரர்களை அனுப்பலாம் என்று இந்தக் கோடையில் விதியை மாற்றியிருக்கிறார்கள். அது சரி என்கிறார் தாத்தா. வேட்டையைக் கொல்லைப்புறமாகக் கூட்டிவருகிறார்கள் என்கிறார் எங்கள் ஓட்டல் சமையல்காரம்மா. கடையில், பெட்ரோல் பங்கில் எங்கே நின்றாலும் இதே பேச்சு.

தாத்தா சொல்வதில் பாதி உண்மை. தடை வந்த அதே வருடம் மாகாணத்தின் தணிக்கை அதிகாரி கொடுத்த அறிக்கையும் கிரிஸ்லிக்குப் பெரிய ஆபத்து வேட்டை இல்லை, அதன் காடு கெட்டுப்போவதுதான் என்றுதான் சொன்னது. ஆனால் மறுபாதியை என்னால் ஏற்க முடியவில்லை. பெண் கிரிஸ்லி முதல் குட்டி போட ஐந்தாறு வருடமாவது ஆகும். போட்ட குட்டியை இரண்டு மூன்று வருடம் கூடவே வைத்து வளர்க்கும். அப்படிப்பட்ட ஒன்றைச் சுட்டால் அந்த இடத்தை நிரப்ப எத்தனை வருடம் வேண்டும்? உயிருக்குப் பயந்து கொல்வது வேறு. சுவருக்காகக் கொல்வது தப்பு. தாத்தாவிடமே இதைச் சொன்னேன். கோபப்படவில்லை. காபி ஊற்றிக் கொடுத்து, "நாளைக்கு ஏணி பிடிக்க வா" என்றார்.

அந்த ஏணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு பழைய ஆப்பிள் மரம் நிற்கிறது. பாதிப் பேர் பழம் பறிப்பதில்லை, உதிர்ந்து தரையில் கிடக்கும். குளிர்காலம் முழுக்கக் குகையில் தூங்கப் போகிற கரடி இந்த இரண்டு மாதமும் ராத்திரி பகலாகத் தின்று கொழுப்பு ஏற்றும். காட்டில் பெர்ரி குறைந்தால் பழ வாசனைக்கு ஊருக்குள் இறங்கும். ஒரு தடவை ருசி கண்டுவிட்டால் திரும்பத் திரும்ப வரும், மனுசனைக் கண்டால் ஒதுங்காது. கடைசியில் அதிகாரிகள் வந்து சுட்டுவிடுவார்கள். வேட்டைத் தடை அந்தக் குண்டைத் தடுக்காது. அதனால் எண்பதை நெருங்குகிற இந்த மனுசர், முன்னறையில் கரடித் தோலை மாட்டியிருக்கிற இதே மனுசர், செப்டம்பர் பிறந்தால் ஏணியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் மரத்தைக் காலி செய்கிறார். நான் கீழே ஏணி பிடிப்பேன். அவர் கிளையை உலுக்கினால் என் தலை, தோள் எல்லாம் பழம் விழும். தரையில் கிடக்கிற அழுகலைக்கூட விடாமல் பொறுக்கச் சொல்வார். இரண்டு நாளில் பதினோரு மரம்.

கூலி வேண்டாம் என்றேன். ஒரு மூட்டை ஆப்பிள் கொடுத்தார். சின்னது, பச்சை, நாக்கைச் சுருட்டுகிற புளிப்பு. கடித்ததும் எனக்கு மாங்காய் ஞாபகம் வந்துவிட்டது. துண்டு போட்டு, உப்பு, மிளகாய்த்தூள், வெந்தயம், பெருங்காயம் சேர்த்து, நல்லெண்ணெயைக் காய்ச்சிக் கடுகு தாளித்து ஊற்றினேன். மூன்று பாட்டில் வந்தது. ஒன்றைத் தாத்தாவுக்குக் கொடுத்தேன், ரொட்டியில் தடவிச் சாப்பிடுகிறார். அம்மா, தாளிக்கும்போது அறை முழுக்க நம் வீட்டு வாசனை. கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

பனிச்சறுக்கு மலையில் பூ (Boo) என்று பெயர் வைத்து ஒரு கிரிஸ்லியை வைத்திருக்கிறார்கள். 2002-இல் அதன் தாயை ஒருவன் சட்டவிரோதமாகச் சுட்டுவிட்டான். இரண்டு குட்டியை இங்கே கொண்டுவந்தார்கள், ஒன்று முதல் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. பூ மட்டும் இருபது ஏக்கர் மின்வேலிக்குள் இருக்கிறது. தாயிடம் காட்டுப் பிழைப்பைக் கற்றுக்கொள்ளாத கரடியை வெளியே விட முடியாதாம். கோடையில் லீவு நாளில் போய்ப் பார்த்தேன். வேளைக்குச் சாப்பாடு, பார்த்துக்கொள்ள ஆள், ஒரு குறையும் இல்லை. ஆனால் நான் நின்ற ஒரு மணி நேரமும் அது வேலியோரமாகவே நடந்துகொண்டிருந்தது. திரும்பி வரும்போது, கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் அம்மா பஸ் ஜன்னலைப் பிடித்துக்கொண்டே கூட நடந்து வந்தது ஞாபகம் வந்தது. அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. இப்போது சரியாக இருக்கிறேன், கவலைப்பட வேண்டாம்.

இன்னொன்றும் எழுத வேண்டும். இங்கிருந்து ஒரு மணி நேர தூரத்தில் யோஹோ தேசியப் பூங்கா. அங்கே வெள்ளை நிறத்தில் ஒரு பெண் கிரிஸ்லி இருந்தது, நக்கோடா என்று பெயர். பூங்கா என்றால் துப்பாக்கி எடுத்தவன் உள்ளே போக முடியாது. ஆனால் பூங்கா நடுவிலேயே நெடுஞ்சாலையும் சரக்கு ரயிலும் ஓடுகின்றன. இந்த ஜூன் 6-ஆம் தேதி விடியற்காலையில் அதன் இரண்டு குட்டியும் வண்டியில் அடிபட்டுச் செத்தன. அதே நாள் சாயங்காலம் தாய் வேலியைத் தாண்டி ரோட்டோரம் நின்றது. ரயில் சத்தத்தில் மிரண்டு ரோட்டுக்குள் ஓடி, காரில் அடிபட்டது. இரண்டு நாளில் அதுவும் போய்விட்டது. ஓட்டலில் அன்றைக்கு யாரும் சரியாகப் பேசவில்லை. கீழே பான்ஃப் பக்கம் நெடுஞ்சாலைக்கு வேலி போட்டு, மிருகங்கள் கடக்க ஆறு மேம்பாலமும் முப்பத்தெட்டு சுரங்க வழியும் கட்டியிருக்கிறார்கள். பாலத்தின் மேலேயே மரமும் புல்லும் வளர்கிறது. பஸ்ஸில் அதன் அடியில் போயிருக்கிறேன். கிரிஸ்லிக்கு அந்த வழி பழகவே சில வருடம் ஆனதாம். ஆனாலும் அடிபடுவது வெகுவாகக் குறைந்திருக்கிறது. இடத்தைக் காப்பது என்றால் அப்படிச் செய்ய வேண்டும்.

தெற்கே க்தூனாகா பூர்வகுடி மக்களுக்கு ஒரு பள்ளத்தாக்கு. அங்கேதான் கிரிஸ்லியின் ஆவி குடியிருக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. அங்கே பனிச்சறுக்கு விடுதி கட்டக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் வரை போனார்கள். நம்புகிற உரிமையைத்தான் சட்டம் காக்கும், நம்புகிற இடத்தைக் காக்காது என்று 2017-இல் தீர்ப்பாகிவிட்டது. அவர்கள் விடவில்லை. பேசிப் பேசி, 2020 ஜனவரியில் அந்த விடுதித் திட்டமே கைவிடப்பட்டது. இப்போது அந்த இடம் அவர்கள் பொறுப்பில் பாதுகாக்கப்படப் போகிறது. இதைக் கேட்டபோது நம் மாரியம்மன் மேட்டை நினைத்துக்கொண்டேன்.

அதனால் அப்பா, தம்பியிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். தீனிக்குள் வெடியை மறைத்து அவுட்டுக்காய் வைக்கிற கூட்டத்தோடு ஒருநாளும் சேரக் கூடாது. கரடி 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிற மிருகம், கை வைத்தால் ஜெயில். கூண்டு வைத்துப் பிடித்துக்கொண்டு போனாலும் எண்ணெய் அங்கேயே இருந்தால் அடுத்த கரடி வரும். பூசாரி மாமாவிடம் பேசி, ராத்திரி எண்ணெயைக் கோயிலில் வைக்காமல் வீட்டுக்கு எடுத்துப்போகச் சொல்லுங்கள். விளக்கையும் துடைத்து வைக்க வேண்டும். வரும் ஆடியில் பேரிக்காயை உதிரவிடாமல் முன்னாடியே பறித்துவிடுங்கள். லைன் பின்னால் குப்பை கொட்டுவதையும் நிறுத்த வேண்டும். கொழுந்துக்குப் போகிறவர்கள் இரண்டு பேராகவே போகட்டும், பேசிக்கொண்டே போகட்டும். நானும் இங்கே அப்படித்தான், தனியாக நடந்தால் கை தட்டிக்கொண்டே போகிறேன். இடுப்பில் ஒரு ஸ்ப்ரே டப்பா இருக்கிறது, உள்ளே மிளகாய்க் காரம்தான்.

செல்வி விஷயம். மாப்பிள்ளை வீட்டார் தை மாதத்தில் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கொஞ்சம் தள்ளிப் பங்குனிக்குப் பின் வைக்க முடியுமா என்று பெரிய மாமா மூலமாகக் கேட்டுப் பாருங்கள். டிசம்பரிலிருந்து எனக்கு முழு வேலை வந்துவிடும், சேர்த்து அனுப்புகிறேன். தீபாவளிக்கு அனுப்புவது இந்த முறை சற்றுக் குறைவாக இருக்கும். பாங்கில் ஏதோ தாமதம், வேறொன்றும் இல்லை. பாட்டி பேரில் இருக்கிற அரை ஏக்கரை அண்ணன் சொல்கிற கோயம்புத்தூர் பார்ட்டிக்கு எழுதிக் கொடுக்க வேண்டாம். அந்த மேட்டில் விடுதி வந்தால் சோலைக்கும் ஓடைக்கும் நடுவில் கரடி போகிற வழி அடைபட்டுவிடும், பிறகு அது லைனுக்குள் வராமல் எங்கே போகும்? அண்ணன் கோபப்படுவார். நானே அவருக்கு எழுதுகிறேன். அதுவரை எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள், அட்வான்ஸும் வாங்காதீர்கள்.

அம்மாவின் கண் ஆபரேஷனுக்குத் தேதி சொன்னார்களா? அதைத் தள்ளிப்போட வேண்டாம். கல்யாணத்துக்கு முன்னாடியே முடித்துவிடுங்கள். செல்வியை இரண்டு நாள் லீவு போடச் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கூட அனுப்புங்கள். சித்தியிடம் ஊறுகாய்க்கு வெந்தயம் வறுத்துப் போட வேண்டுமா, பச்சையாகவா என்று கேட்டு எழுதுங்கள். இந்த முறை லேசாகக் கசக்கிறது.

உங்கள் அன்பு மகன்