எறும்பு மொய்த்த இடம்

பொகவந்தலாவை

அன்பு மகளுக்கு,

இங்கே யாவரும் நலம். மூன்று நாளாக அடைமழை. நம் குடும்பத்தில் யார் யாருக்குச் சீனி வருத்தம் (நீரிழிவு) என்று வம்சப் படம் வரையச் சொல்லி, நீ இங்கிலாந்து எக்ஸிடரிலிருந்து அனுப்பிய தாள் கிடைத்தது. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், சீனி வருத்தம் உள்ளவருக்குக் கறுப்பு, இறந்தவருக்குச் சாய்கோடு. முப்பது வருடம் தோட்டப் பள்ளியில் சோக்குக் கட்டி பிடித்தவனுக்கு இது என்ன வித்தை என்று அன்றிரவே உட்கார்ந்தேன். விளக்கை அணைக்கும்போது பாதிகூட நிரம்பவில்லை.

அப்பாயியின் வட்டம் கறுப்பு. கால் புண் ஆறாமல் 1968இல் போனாள். பிள்ளைகள் நாங்கள் மூன்று பேர். நான் வெள்ளை, போன மாதம் கிளினிக்கில் வெறும் வயிற்றில் சீனி 92. சித்தப்பா கறுப்பு. அத்தையிடம் வந்துதான் பேனா நின்றது.

1964இல் நம் பிரதமர் ஸ்ரீமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் நம் ஆட்களில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்களே, அதில் அத்தை அந்தப் பக்கம் விழுந்தாள். 1973இல் தலைமன்னாரில் கப்பல் ஏறினாள். கோத்தகிரியிலிருந்து வந்த கடைசிக் கடிதத்தில், காலில் ஒரு கொப்புளம், ஆறவே மாட்டேன் என்கிறது என்று ஒரு வரி. பிறகு நான் போட்ட எதற்கும் பதில் இல்லை. செத்தவருக்குச் சாய்கோடு வைத்திருக்கிறீர்கள், கப்பல் ஏறியவருக்கு என்ன குறி? நான் கேள்விக்குறி போட்டிருக்கிறேன். அவள் பிள்ளைகளுக்கு வட்டமா சதுரமா, எத்தனை என்றுகூடத் தெரியாது.

உன் தாள் கேட்காத ஒன்றையும் எழுதுகிறேன். சித்தப்பாவுக்குச் சீனி இருப்பதைக் கண்டுபிடித்தது இருபத்திரண்டு வயதில். ஆனால் அவனுக்குப் பதின்மூன்று வயதிருக்கும்போதே, நம் லயத்துக் காம்பராவுக்குப் பின்னால் அவன் ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்க்கும். தண்ணீர் எடுக்கப் பீலிக்கரைக்குப் போகும் பெண்கள் பார்த்துச் சிரிப்பார்கள். 'எம் புள்ளைக்கு அதுகூட இனிப்பு' என்று அப்பாயியும் சேர்ந்து சிரித்தாள். அப்போது அவனுக்குத் தாகமுமில்லை, சோர்வுமில்லை. ஓணான் மாதிரி ஒல்லியாக, லயம் முழுக்க ஓடித் திரிந்தான்.

நீ போனில் சொன்னதும் இந்த எறும்புதான் ஞாபகம் வந்தது. சீனி வருத்தத்தில் மோடி (MODY) என்று ஒரு வகை, ஒரே ஒரு மரபணு கெட்டாலே வரும், தாயோ தகப்பனோ யாருக்கு இருந்தாலும் பிள்ளைக்கு இரண்டில் ஒரு வாய்ப்பு என்றாய். (அம்மா இன்னமும் அதை அரசியல்வாதி வருத்தம் என்கிறாள்.) அதிலும் 1996இல் கண்டுபிடித்த எச்.என்.எஃப்.1ஏ என்ற மரபணு கெட்டிருந்தால், இரத்தத்தில் சீனி ஏறும் முன்னமே சிறுநீரில் கசியும் என்றாய். அப்படியானால் எங்களுக்கு ஒன்பது வருடம் முன்னாலேயே எறும்பு சொல்லியிருக்கிறது. நாங்கள் சிரித்துவிட்டோம். முப்பத்தெட்டில் அவனுக்குக் கண் போனது. கையைப் பிடித்துக் கூட்டிப்போனவன் நான். ஒரே வயிற்றில் பிறந்து எனக்கு மட்டும் ஏன் வரவில்லை என்பதற்கு, காசு சுண்டுவது மாதிரி என்று நீ சொன்ன கணக்குச் சரிதான். மனம்தான் ஒப்பவில்லை.

செத்தவர் கதை போதும். சித்தப்பாவின் பேரன், உன்னை அத்தை என்று கூப்பிடுகிறவன், இப்போது பத்தொன்பது. கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு கடையில் நிற்கிறான். பதினேழில் சீனி வந்தது. ஒல்லிப் பையன் என்பதால் சிறுபிள்ளைகளுக்கு வரும் வகை என்று எழுதி, அன்றிலிருந்து தினமும் இரண்டு இன்சுலின் ஊசி. கடை அறையில் ஃப்ரிட்ஜ் இல்லை. மண்சட்டியில் ஈர மணல் போட்டு அதற்குள் மருந்தை வைத்திருக்கிறான். அப்பாயி, சித்தப்பா, அவன் மகன், இப்போது இவன். நாலு தலைமுறை, நாலு பேரும் ஒல்லி. இந்த வகையென்றால் பலருக்குக் கிளிக்லசைட் குளிசையே போதும் என்றாயே, அது இவனுக்கும் பொருந்துமா? மரபணுப் பரிசோதனை முடிவு வரும் வரை ஊசியை நிறுத்தக் கூடாது என்று நீ அழுத்திச் சொன்னதை அவனிடமும் இரண்டு தடவை சொல்லிவிட்டேன்.

தைப்பொங்கலுக்கு வருவான். அதற்குள் அந்தப் பரிசோதனைக்கு எந்தக் குழாயில் என்ன எடுக்க வேண்டும், முதலில் இங்கேயே என்ன பார்க்கலாம் என்று எழுது. குழாயைத் தோட்டத்து முகவரிக்கு அனுப்பாதே. போன கடிதம் பதினேழு நாள் ஆபீஸ் மேசையில் கிடந்தது. டவுனில் மாமாவின் கடை முகவரிக்குப் போடு, நானே போய் எடுத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா