லூவாவ் விருந்தும் சேம்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் ஹவாய்ப் பயணக் கட்டுரை, லூவாவ் விருந்தை நெருப்புக்கத்தி ஆட்டத்தோடு முடித்துவிட்டது. அந்த ஆட்டம் சமோவாவினுடையது. ஹவாய்க்கு உரியது ஹூலா நடனம். லூவாவ் என்றாலே சேம்பின் இளந்தளிர் இலைதான். விருந்துக்கு அதன் பெயர் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ஆணும் பெண்ணும் சேர்ந்து உண்ணக் கூடாதென்று அங்கே இருந்த விலக்கை 1819இல் ஹவாய் மன்னர் இரண்டாம் கமேஹமேஹா பெண்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு முறித்தார்.

போகிறவர்கள் முன்பதிவின்போதே 'இமு உண்டா?' என்று கேட்டுவிட வேண்டும். சில இடங்களில் பன்றி சமையலறை அடுப்பில் வெந்து வருகிறது. இமு என்பது மண்ணில் தோண்டிய குழி அடுப்பு. நம் வேலிக்கருவையின் இனமான கியாவே விறகை மூட்டி, துளையுள்ள எரிமலைக் கற்களைப் பழுக்கக் காய்ச்சுவார்கள். ஆற்றுக்கல் ஆகாது, உள்ளே தங்கிய நீர் ஆவியாகிக் கல் வெடிக்கும். கல்லின் மேல் நசுக்கிய வாழைத்தண்டு, அதன் மேல் பன்றி. வயிற்றுக்குள்ளும் சுடுகல் வைப்பார்கள். பிறகு டீ என்னும் செடியின் அகன்ற இலை (தேயிலை அல்ல), ஈரச்சாக்கு, மண். எங்காவது ஆவி கசிந்தால் உடனே மண்ணை அள்ளிப் போடுவார்கள். விட்டால் கறி வேகாது. ஏழெட்டு மணி நேரம் கழித்துப் பிரிக்கையில் எலும்பு கையோடு வரும். பானத்துக்கு வரிசையில் நிற்பவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

போயி நம் சேப்பங்கிழங்கின் களிதான். அவித்து, கல்லால் இடித்து, தண்ணீர் விட்டுப் பிசைந்தது. இரண்டு மூன்று நாளில் புளிக்கும். வெறுமனே ஒரு வாய் வைத்துவிட்டு முகம் சுளிப்பது நியாயமில்லை. உப்பேறிய பன்றிக்கறியோடோ லோமி சால்மன் என்னும் உப்பிட்ட மீன் கலவையோடோ தொட்டுச் சாப்பிட வேண்டியது அது. லாவ்லாவ் என்பது கறியைச் சேம்பிலையில் பொதிந்து வேகவைத்தது. அதில் வெளியே சுற்றிய டீ இலையை ஒதுக்கிவிட்டு உள்ளிருக்கும் சேம்பிலையைச் சாப்பிட வேண்டும். அரைவேக்காட்டுச் சேம்பிலை தொண்டையை அரிக்கும். அதிலுள்ள ஆக்சலேட் ஊசிகள் அடங்க ஒரு மணி நேரமாவது வேக வேண்டும்.

சைவர்கள் 'சிக்கன் லாங் ரைஸ்' என்பதைச் சோறென்று எண்ணிவிட வேண்டாம். கோழிச் சாற்றில் வெந்த கண்ணாடி நூடுல்ஸ் அது. போயி, சர்க்கரைவள்ளி, தேங்காய்ப்பால் இனிப்பான ஹவுப்பியா மூன்றையும் நம்பிச் சாப்பிடலாம். கழுத்தில் போடும் லேய் மாலையை, போட்டவர் எதிரிலேயே கழற்றாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்