அழுகைக் கோச்சியைச் சிறுவர் பிரிவிலிருந்து எடுங்கள்

மதிப்பிற்குரிய கூட்டுநிதித் தளத்தின் பரிசீலனைக் குழுவினருக்கு,

கோத்தகிரியிலிருந்து வணக்கம். எங்கள் 'அழுகைக் கோச்சி' என்ற பிக்சல் (புள்ளி புள்ளியாக வரைந்த) கணினி விளையாட்டுக்கு நிதி கேட்கும் பக்கம் இப்போது எந்தக் கோலத்தில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். மூன்று மின்னஞ்சல் போட்டுவிட்டோம். மூன்றுக்கும் ஒரே பதில்தான் வந்தது: பிக்சல் கலை விளையாட்டு என்றால் சிறுவர் பிரிவில்தான் போடுவோம். அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன். எங்கள் பக்கத்தைச் சிறுவர் பிரிவிலிருந்து எடுத்துவிடுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை உங்கள் விளம்பரப் பிரிவு எங்கள் ஒன்றரை நிமிட முன்னோட்டத்தை இருபது நொடியாக வெட்டி, துள்ளலாக ஒரு மேளச் சத்தம் சேர்த்து, 'குட்டீஸ்களுக்கு ஜாலியான ரயில் பயணம்' என்று எழுதி வெளியிட்டது. பக்கத்து லைன் வீட்டுப் பெண் அதைத் தன் போனில் என் பாட்டிக்குக் காட்டியிருக்கிறாள். நான் வீட்டுக்குள் நுழைந்தபோது பாட்டி அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். "ஏப்பா, எங்க அக்கா நின்ன எடத்துல என்னா இந்தக் கொட்டு?" என்று கேட்டார். வேறு எதுவும் சொல்லவில்லை. அன்று ராத்திரி அவர் சாப்பிடவும் இல்லை.

அது எந்த ரயில் என்று பக்கத்தின் முதல் பத்தியிலேயே எழுதியிருந்தோம். 1964 அக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து போனவர்களின் வழிவந்த இலங்கை மலையகத் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இரண்டு அரசுகளும் ஆட்களைப் பிரித்துக்கொண்டன. ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒரு நாடு, தங்கைக்கு ஒரு நாடு என்று ஆனது. மலையிலிருந்து தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிக்கொண்டு போன ரயிலுக்கு அந்தச் சனம் வைத்த பெயர் அழுகைக் கோச்சி. அப்புறம் கப்பலில் ராமேஸ்வரம், மண்டபம் முகாம், கடைசியில் நீலகிரி. இங்கே 1968-ல் இவர்களுக்காகவே அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கியது. இன்று அதை டான்டீ என்கிறோம். பாட்டி அங்கேதான் கொழுந்து பறித்தார்.

அவர் கோச்சி ஏறும்போது வயது பதினாறு. அக்காவைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு இலங்கைக் குடியுரிமை கிடைத்திருந்தது. அதனால் அக்கா அட்டன் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நின்றுவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் பார்த்துக்கொள்ளவே இல்லை.

அந்தக் காட்சியை வரைய எங்களுக்குப் பதினோரு நாள் ஆனது. அக்காவின் உருவம் பதினாறு புள்ளி அகலம், இருபத்துநாலு புள்ளி உயரம். முகத்துக்குக் கிடைப்பது ஆறு புள்ளி. அதில் கண்ணீருக்கு இடமில்லை. முதலில் அவர் கையசைப்பது போல வரைந்தோம். யாரையோ சுற்றுலாவுக்கு வழியனுப்புகிற மாதிரி இருந்தது. பாட்டியைக் கூப்பிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தோம். "அக்கா கை ஆட்டல. முந்தானையப் புடிச்சிக்கிட்டே நின்னுச்சு" என்றார். கையை எடுத்து முந்தானையில் வைத்தோம், இரண்டே புள்ளியில். ரயில் நகரும்போது தலை ஒரு புள்ளி கீழே இறங்கும். ஒரே ஒரு புள்ளிதான். பாட்டி அதைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். நீங்கள் மேளம் போட்டது அந்த இடத்தில்தான்.

பக்கத்தின் தொனி என்பது தற்செயலாக வந்ததில்லை. தலை பெரிதாக, கண் உருண்டையாக வரைந்தால் பொம்மைபோல் ஆகிவிடும் என்று உடம்பை நீட்டி வரைந்தோம். நிறங்களைப் பதினாலோடு நிறுத்தினோம், எல்லாம் மழைக்காலத்து நிறங்கள். முன்னோட்டத்தின் முதல் இருபது நொடியில் தகரக் கூரையில் மழை விழுகிற சத்தம் மட்டும்தான் வரும். நிதி தருபவர்களுக்குக் கைமாறாகப் பஞ்சுப் பொம்மை, சாவிக்கொத்து எதுவும் வைக்கவில்லை, பெரியவர்கள் சொன்னதை அச்சடித்த சிறு புத்தகம் மட்டும்தான். பணம் கேட்கிற இடத்திலும் ஒரு ஆச்சரியக்குறி கிடையாது. இழவு வீட்டுக் கதையைச் சொல்லி உதவி கேட்பவர் எப்படிப் பேசுவாரோ, அப்படித்தான் ஒவ்வொரு வரியையும் எழுதினோம். உங்கள் ஆட்கள் அதை அரைமணி நேரத்தில் மாற்றிவிட்டார்கள். பதாகையில் ஊட்டி பொம்மை ரயிலைப் போட்டால் நன்றாக ஓடும் என்று ஒரு யோசனையும் அனுப்பினார்கள்.

'பெரியவர்களுக்கு என்றால் 18+ என்று குறித்துக்கொள்ளுங்கள்' என்று உங்கள் கடைசி மின்னஞ்சல் சொல்கிறது. அங்கே இருப்பவை ரத்தமும் ஆபாசமும். எங்கள் விளையாட்டில் அது எதுவும் இல்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை பாட்டியோடு உட்கார்ந்து விளையாடலாம். குழந்தைக்கும் ஆபாசத்துக்கும் நடுவே முதிர்ந்த மனதோடு சொல்கிற கதை என்று ஒன்று உண்டு. அதற்கு உங்கள் தளத்தில் ஒரு இடம் இல்லை.

புள்ளியால் வரைந்தது சின்னப் பிள்ளைச் சமாச்சாரம் என்று யார் முடிவு செய்தது? 2013-ல் வெளிவந்த 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' முழுக்கக் கரடுமுரடான பிக்சல்தான். எல்லைச் சாவடியில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தும் ஒருவர், அவர் குத்துகிற முத்திரையில் பிரிகிற குடும்பங்கள், அவ்வளவுதான் விளையாட்டு. அதே வருடம் கிக்ஸ்டார்ட்டர் என்ற கூட்டுநிதித் தளத்தில் நிதி கேட்ட 'ஹைப்பர் லைட் டிரிஃப்டர்' அதை உருவாக்கியவரின் இதய நோயிலிருந்து பிறந்தது. கேட்டது 27,000 டாலர், கிடைத்தது ஆறு லட்சத்துக்கும் மேல். கொடுத்தவர்கள் பிக்சலைப் பார்த்துப் பிள்ளைகளுக்கான பொம்மை என்று நினைத்திருப்பார்களா? நம் ஊரில்தான் வரைந்த எதைக் கண்டாலும் குழந்தைக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். இந்த மலையையும் அப்படித்தான் வைத்திருக்கிறோம். படகுச் சவாரி, வர்க்கி, ஹோம்மேட் சாக்லேட், அத்தோடு திரும்பிப் போய்விடுகிறார்கள். தேயிலைச் செடிக்கு நடுவே நின்று போட்டோ எடுப்பவர்கள், அங்கே கவ்வாத்து வெட்டுகிற கைகள் எந்தத் துறைமுகம் வழியாக வந்தன என்று கேட்பதில்லை.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள். தினமும் நூற்றுக்கணக்கான திட்டங்களைப் பார்க்கிறவர்கள் நீங்கள், எல்லாவற்றையும் படிக்க நேரம் இருக்காது என்பது புரிகிறது. ஆனால் பிரிவு தவறானதால் நஷ்டம் எங்களுக்கு மட்டும் இல்லை. ஆறு வயது மகனுக்கென்று பணம் கட்டிய ஒரு தகப்பனார், பையன் மாதிரிப் பதிப்பை விளையாடிவிட்டு அழுதான் என்று எழுதியிருந்தார். அவர் பணத்தை அன்றே திருப்பிக் கொடுத்தோம். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

நிதி திரட்ட இன்னும் பத்தொன்பது நாள்தான் இருக்கிறது. தயவுசெய்து அந்த இருபது நொடித் துண்டை நீக்குங்கள். எங்கள் பழைய முன்னோட்டத்தையும் நாங்கள் எழுதிய முதல் பத்தியையும் அப்படியே திருப்பிப் போடுங்கள். பக்கத்தைச் சிறுவர் பிரிவிலிருந்து எடுத்து, 18+ முத்திரை இல்லாமல், கதை விளையாட்டு என்று வையுங்கள். மாற்றியதும் ஒரு வரி எழுதுங்கள், பாட்டியிடம் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
கோத்தகிரியிலிருந்து ஒரு பேரன்