எந்த வித்தியாசமும் தெரியாதாம்!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு லேண்ட்லைனை எடுத்துவிட்டு இன்டர்நெட் போனுக்கு மாறுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அடாப்டர் பெட்டியை ரவுட்டரோடு இணைப்பது, பழைய போனையே அதில் மாட்டிக்கொள்வது என்று எல்லாம் வரிசையாகச் சொல்லியிருந்தார்கள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நாலாவது பத்தியின் கடைசி வரிக்கு வந்தேன். "மாறிய பிறகு உங்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது." கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் படித்தேன். அப்படியேதான் இருந்தது.

பக்கத்திலேயே ஒரு படம். நரைத்த தலை, கையில் டயலைச் சுழற்றும் போன், முகத்தில் திருதிரு முழி. மாறத் தயங்குகிறவர்கள் இப்படித்தான் இருப்பார்களாம். கொஞ்ச காலம் முன்பு ஆன்லைனில் பணம் கட்டுவது பற்றி எழுதியபோதும் இதே மனிதர்தான் வந்தார். அப்போது கையில் செக் புத்தகம். பஸ்ஸில் எனக்கு எழுந்து இடம் கொடுக்கும் பிள்ளைகள்கூட என்னை இப்படிப் பார்ப்பதில்லை.

நான் தயங்கியவன் இல்லை, ஐயா. மூன்று வருடத்துக்கு முன்பே மாறியவன். அதைப் பற்றி உங்களுக்கே ஒரு கடிதமும் எழுதினேன். இணைப்புக் கொடுக்க வந்த பையன்கள் தங்கமான பிள்ளைகள், ஆனால் அவர்கள் போன பிறகு உதவி எண்ணில் ஒரு மனிதக் குரலைக் கேட்க நான் பட்ட பாடு இது என்று இரண்டு பக்கம். நீங்கள் வெளியிட்டது மூன்று வரி. அந்த மூன்று வரியிலும் பையன்கள் தங்கமானவர்கள் என்பது மட்டும்தான் இருந்தது. இட நெருக்கடி இருக்கும், புரிகிறது. இந்த முறையும் வெட்டுவீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதில் பல வருடம் பேட்டரி ரூமில். உங்களுக்குத் தெரியாததல்ல, இருந்தாலும் அந்தக் கட்டுரையை நம்பி இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பழைய லேண்ட்லைன் போனை யாரும் சுவர் பிளக்கில் மாட்டியதில்லை. பேச்சு வந்த அதே செம்புக் கம்பியில்தான் அதற்கான மின்சாரமும் வந்தது. எக்ஸ்சேஞ்சில் 2 வோல்ட் செல்கள் 24, ஆளுயர அடுக்கில் வரிசையாக நிற்கும். மொத்தம் 48 வோல்ட். அதில் பாசிட்டிவ் பக்கத்தை எர்த்தோடு சேர்த்திருப்போம், ஈரத்தில் கம்பி அரித்துப் போகாமல் இருக்க. மெயின் கரண்ட் போனாலும் அந்த செல்கள் லைனைத் தாங்கும். அவை இறங்குவதற்குள் ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்துவிடும். தெருவே இருட்டில் கிடந்தாலும் ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்டதற்கு இதுதான் காரணம். அந்தச் சத்தத்துக்காக டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி ஊற்றி என் சட்டைகளில் பாதி ஆசிட் பட்டு ஓட்டையானது.

இப்போது வருவது பைபர். கண்ணாடி இழைக்குள் ஒளிதான் போகும், மணியடிக்கும் கரண்ட் போகாது. அதனால் பைபர் வந்து சேரும் பெட்டி, ரவுட்டர், போன் அடாப்டர் என்று மூன்றுக்கும் வீட்டுக் கரண்ட்தான் வேண்டும். சில இடங்களில் மூன்றும் ஒரே பெட்டிக்குள் இருக்கும், அவ்வளவுதான். வீட்டில் கரண்ட் போன அந்த நொடியில் போனும் போய்விடும். இந்த ஒரு விஷயத்தை உங்கள் கட்டுரை எங்கேயும் சொல்லவில்லை. பெட்டியை எந்த நிறத்தில் வாங்கலாம் என்று மட்டும் சொல்லியிருந்தது.

சரி, இதையெல்லாம் தெரிந்த நான் என்ன செய்தேன்? அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. என் அக்காவுக்கும் இதையே வைத்துக் கொடுத்தேன். எழுபத்தெட்டு வயது, தனியாக இருப்பவர். "பழசு நல்லாத்தானே இருக்கு, எதுக்குடா?" என்று கேட்டார். நான் உங்கள் கட்டுரையாளர் மாதிரியேதான் பதில் சொன்னேன். அவ்வளவு வருடம் பேட்டரிக்குக் காவல் இருந்தவனுக்கு, அக்கா வீட்டில் பேட்டரி இல்லை என்பது தோன்றவே இல்லை.

போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி கரண்ட் போனது. இருட்டில் எழுந்து நடந்தவர் குளியலறை வாசலில் வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு முறிந்துவிட்டது. செல்போன் படுக்கையில், அதிலும் சார்ஜ் இல்லை. கூடத்தில் இருந்த போன்வரை உட்கார்ந்தபடியே நகர்ந்து போய் ரிசீவரை எடுத்திருக்கிறார். சத்தமே இல்லை. வைத்துவிட்டு மறுபடி எடுத்திருக்கிறார். முப்பது வருடம் லேண்ட்லைன் வைத்திருந்தவருக்கு ரிசீவர் பேசாமல் இருக்கும் என்பதே புதிது. கரண்ட் வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வந்த பிறகும் அந்தப் பெட்டிகள் ஒவ்வொன்றாக விழித்துச் சர்வரைத் தேடிப் பிடிக்க இன்னும் சில நிமிடம். அப்புறம்தான் எனக்கு மணி அடித்தது. கை உடைந்ததை அவர் முதலில் சொல்லவில்லை. "போன் செத்துப் போச்சுன்னு நெனச்சேன் தம்பி" என்றார்.

எந்த வித்தியாசமும் தெரியாதாம்.

நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். பெயரைச் சொல்ல வேண்டாம், எல்லோரும் ஒரே ரகம். மின்தடையின்போது சேவை இருக்காது என்பது விதிமுறைகளில் தெளிவாகக் குறிப்பிடப்பட்டுள்ளது என்று பதில் வந்தது. தேடினேன். இருக்கிறது, பொய் இல்லை. எறும்புக்கு அச்சடித்த மாதிரி எழுத்தில், ஒப்பந்தத்தின் கடைசிக்கு முந்தைய பக்கத்தில். சேர்க்க வந்தபோது அதே பையன்கள் இதை ஒரு வார்த்தை வாயால் சொல்லியிருக்கலாம். அவர்களுக்கும் யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். போனில் புகார் சொல்லலாம் என்று பார்த்தால், பதிவு செய்த எண்ணிலிருந்தே அழைக்கச் சொல்லும் பதிவுக் குரல். பதிவு செய்த எண்தானே செத்துக் கிடக்கிறது!

மற்ற நாடுகளில் இது பெரிய விவகாரம் என்பது உங்கள் மேசைக்கு வராமலா இருந்திருக்கும்? பிரிட்டனில் பழைய தொலைபேசி வலையமைப்பை 2025 டிசம்பருக்குள் மூடுவதாக இருந்தார்கள். முதியவர்கள் அணிந்திருக்கும் அவசர பட்டன்கள் புதிய இணைப்பில் வேலை செய்யாமல் போய் ஆபத்தான சம்பவங்கள் நடந்ததும், 2023 டிசம்பரில் கட்டாய மாற்றத்தை நிறுத்திவைக்க வைத்தது அரசு. கெடு 2027 ஜனவரிக்குத் தள்ளிப் போனது. லேண்ட்லைனை மட்டுமே நம்பி இருப்பவர்களுக்குக் கரண்ட் போனாலும் குறைந்தது ஒரு மணி நேரம் அவசர அழைப்பு கிடைக்க வழி செய்யவேண்டும் என்பது அங்குள்ள ஒழுங்குமுறை அமைப்பின் வழிகாட்டுதல். ஒரு மணி நேரம் என் அக்காவுக்குப் போதியிருக்காது, அது வேறு விஷயம். அமெரிக்காவில் 2015இல், கேட்கும் வாடிக்கையாளருக்கு 8 மணி நேரம் தாங்கும் மாற்று மின்வசதியை விற்பனைக்கு வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். பிறகு அது 24 மணி நேரம் ஆனது. அவசர அழைப்பு வந்தால் எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று தெரியவேண்டும், அதற்கு வாடிக்கையாளரின் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும் என்பதை 2005லேயே கட்டாயமாக்கினார்கள். இன்டர்நெட் போன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு வீட்டுக்குப் போனாலும் எண் வேலை செய்யும். ஆனால் உதவிக்கு வருகிறவர்கள் பழைய வீட்டு வாசலில் நிற்பார்கள். இதுவும் உங்கள் கட்டுரையில் இல்லை.

எண்ணை மாற்றாமல் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி மட்டும் இருந்தது. எப்படி என்று? என் சித்தப்பா மகன் பழைய இணைப்பை முதலில் ரத்து செய்துவிட்டு, அப்புறம் புதிய நிறுவனத்திடம் எண்ணை மாற்றச் சொன்னான். ரத்தான எண்ணை எங்கிருந்து மாற்றுவது? போனது போனதுதான். குடும்பம் முழுக்க மனப்பாடமாக வைத்திருந்த எண் அது. புதியவர் எண்ணை இழுத்துக்கொண்ட பிறகுதான் பழையதை விடவேண்டும்.

நியாயமாகவும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அந்தப் படத்து ஆளோடு என்னைச் சேர்த்துவிடுவீர்கள். குரல் நன்றாக இருக்கிறது. பழைய லைனில் 300 ஹெர்ட்ஸிலிருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைதான் போகும்; இதில் இரண்டு பக்கமும் வசதி இருந்தால் 7000 வரை போகிறது. பேத்தி பேசும்போது 'ச'வும் 'ஃப'வும் தனித்தனியாகக் கேட்கிறது. பேசாமல் இருக்கும்போது சுத்த அமைதியாக இருந்தால் லைன் கட் ஆகிவிட்டதோ என்று ஆட்கள் பயப்படுகிறார்கள் என்பதற்காக, அந்த இடைவெளியில் லேசாக ஒரு இரைச்சலை வேண்டுமென்றே சேர்க்கிறார்கள். நாங்கள் வாழ்நாள் முழுக்க லைனில் இரைச்சலை ஒழிக்கப் பாடுபட்டவர்கள். இதைப் படித்தபோது சிரித்துவிட்டேன்.

கார்ட்லெஸ் போன் பழைய லைனிலும் கரண்ட் இல்லாமல் வேலை செய்யாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இப்போது அக்கா வீட்டில் அந்தப் பெட்டிகளுக்கென்று ஒரு சின்ன யுபிஎஸ் வைத்திருக்கிறேன். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு நானே அங்கே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன். நாலே முக்கால் மணி நேரம் தாங்கியது. வயர் உள்ள போன் ஒன்றைக் கட்டிலுக்குப் பக்கத்தில் தாழ்வாக மாட்டியிருக்கிறேன், தரையிலிருந்தே எட்டும்படி.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த இதழில் ஒரே ஒரு வரி போடுங்கள்: "வீட்டில் கரண்ட் போனால் இந்தப் போனும் போய்விடும், மாறுவதற்கு முன் யுபிஎஸ் வாங்குங்கள்." கட்டுரை வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில். திருத்தங்கள் பகுதியில், கடைசிப் பக்கத்து விளம்பரத்துக்கு அடியில் வேண்டாம். ஒப்பந்தத்தில் படித்ததே என் கண்ணுக்குப் போதும்.

கடிதத்தை வெட்டுவதாக இருந்தால் என் பேட்டரி ரூம் கதையை வெட்டிக்கொள்ளுங்கள். என் பெயரையும் போடவேண்டாம். அக்கா உங்கள் இதழை அட்டை முதல் அட்டை வரை படிப்பவர். அந்த யுபிஎஸ் பெட்டி புதிய ரவுட்டரோடு சேர்ந்து வந்தது என்றுதான் அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத நெடுநாள் வாசகன்